கை நனைக்காத விருந்தாளிகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். புருஷன் போன பிறகு பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கிற கடை வைத்து ஒற்றைப் பெண்ணைப் படிக்கவைத்தவள் நான். வாயும் இல்லையென்றால் வாடிக்கைக்காரிகள் என்னை முழுசாக விழுங்கியிருப்பார்கள்.

அந்த ஒற்றைப் பெண் விஷ்ணுப்ரியா, ஒருநாள் காலை கொமுட்டர் ரயிலில் வைத்து என் தலையில் குண்டைப் போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரயிலில்தான் வேலைக்குப் போவோம். அவள் சுபாங் ஜெயாவில் இறங்கிவிடுவாள், நான் கே.எல். சென்ட்ரல் வரை போவேன். ஷா ஆலாம் தாண்டியதும், "அம்மா, கத்தாம கேளு," என்றாள். ரயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். அதனால்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி.

பையன் பேர் பிமோ. அவள் வேலை செய்கிற விதைக் கம்பெனியில் கூட வேலை செய்கிறவன். ஜாவா தீவில் ஓர் எரிமலை, அதன் பக்கத்து மலை முதுகில் ஒரு கம்பம், கிராமம்தான், அங்கே பிறந்தவன். இந்துதான். அந்த மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்துக்களாம். அதுவரைக்கும் சரி. அடுத்து அவள் சொன்னதுதான் குண்டு. அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்குத் திரும்பி விதை உருளைக்கிழங்கு போடப் போகிறான், இவளும் அவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய் இருக்கப் போகிறாள்.

"எரிமலையிலயா?" என்றேன்.

"பக்கத்துலம்மா," என்றாள். அதற்குள் சுபாங் ஜெயா வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு நான் தைத்த ரவிக்கையில் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன்.

எனக்கு என் பிள்ளை கூடவே வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த வீட்டில் நானும் அவளும்தான். அவள் போய்விட்டால் சாயங்காலம் நான் யாரிடம் வாயாடுவேன்? ஆனால் இதை வெளியில் சொல்ல முடியுமா? பெற்றவள் சுயநலக்காரி என்பார்கள். அதனால் பூச்சோங்கில் இருக்கிற என் அண்ணன் அழகிரிக்குப் போன் போட்டேன்.

அண்ணன் லோரி வைத்துச் சரக்கு ஓட்டுகிறவர். கோபம் மூக்கு மேலேயே இருக்கும். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தான் எல்லாம், அவர் சரி என்று சொல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு தாலியும் ஏறாது. அவர் குதிப்பார், நான் சும்மா இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அவர் குதிக்கவில்லை.

"நேர்ல பாக்காம வேணாம்னு சொன்னா புள்ள கேக்குமா? போய்ப் பாப்போம், லா. பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லுவோம்," என்றார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்க. அங்க கை நனைக்கக் கூடாது."

எங்கள் பக்கத்து முறை அது. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிந்து இரண்டு பக்கமும் சரி என்று சொல்கிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். குடித்தால், தின்றால், பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். என் கல்யாணத்துக்குப் பேச வந்தபோது என் மாமனார் கடும் வெயிலில் மதியம் வரை வறண்ட தொண்டையோடு பேசினார். பேசி முடித்த பிறகுதான் பாயசத்தில் கை வைத்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் பையன் வீட்டுப் படி ஏறுவதும் முறையில்லை. அதனால் விஷ்ணுப்ரியா கிள்ளானிலேயே இருந்தாள். நானும் அண்ணனும் மட்டும் கிளம்பினோம். விமான நிலையத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மாமாவ சண்ட போட விடாத," என்றாள். "நீயும் போடாத," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சுராபாயாவில் இறங்கி ஓர் இரவு ஓட்டலில் தங்கினோம். விடிந்ததும் பிமோ ஜீப்போடு வந்து நின்றான். ஒல்லிப் பையன், பல்வரிசை அழகு, பேசும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிற பழக்கம். பிமோ என்றால் அவர்கள் பாஷையில் பீமன்தானாம். அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பீமன்னு பேரு வெச்சிருக்கான், கதாயுதத்த விடு, கரண்டியே தூக்க மாட்டான் போல," என்று தமிழில் என்னிடம் சொன்னார். பிமோ அவருடைய பெட்டியையும் என் பெட்டியையும் ஒரே கையில் தூக்கி ஜீப்பில் போட்டான். அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

வழியில் ஒரு கடையோரம் நிறுத்தச் சொல்லி, நான் கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை வண்டிக்குள்ளேயே சாப்பிட்டு முடித்தோம். பிமோவுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன். கொடுக்கலாம், வாங்கித்தான் சாப்பிடக் கூடாது. ரசித்துச் சாப்பிட்டான். எங்கள் முறையைப் பற்றி அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைப் பையனிடம் போய் இதையெல்லாம் யாராவது விளக்குவார்களா?

அதற்கப்புறம் மலை.

நான் கெந்திங் பார்த்திருக்கிறேன், கேமரன் மலைக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மலை என்றால் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இது வேறு. ஜீப் முக்கி முனகி ஏற ஏற, காது அடைத்தது, காற்று சவுக்கு மர வாசனையோடு சில்லென்று முகத்தில் அடித்தது. ஒரு வளைவு திரும்பியதும் பார்க்கிறேன், மலைச் சரிவு முழுக்கப் பயிர். சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற சரிவு அது, ஆடு நின்றாலே உருண்டுவிடும். அதிலே வெங்காயத்தாள், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு என்று வரப்பு வரப்பாக அடியிலிருந்து மலை உச்சி வரைக்கும் இம்மி இடம் விடாமல் நட்டிருக்கிறார்கள். வரிசை கொஞ்சமும் கோணவில்லை. நாளெல்லாம் நேர்த்தையல் போடுகிறவள் சொல்கிறேன், அப்படி ஒரு நேரைச் சரிவில் கொண்டுவர எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"யாரு இதெல்லாம் நட்டது?" என்று மலாயில் கேட்டேன். அவர்கள் பேசுகிற இந்தோனேசியாப் பேச்சும் எங்கள் மலாயும் ஒன்றுக்கொன்று புரியும்.

"கம்புல பறக்குற அந்த மஞ்சள் கொடி தெரியுதா ஆன்டி, அதுக்குக் கீழ இருக்கிறது எங்கம்மா நட்டது," என்றான்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கயிறு கட்டியா நட்டாங்க?" என்றார். இல்லையாம். சும்மா நின்றுதான் நட்டார்களாம்.

செமோரோசாரி என்கிற அந்தக் கிராமம் மலையின் முதுகெலும்பு மேல் உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், ரோஸ், நீலம், பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயம். ஒரு வீடு விடாமல் வாசலில் பெயிண்ட் டின்னில் பூச்செடி. வீடுகளுக்குப் பின்னால் தரையே இல்லை, நேராகப் பள்ளத்தாக்கு, அதற்குள் மேகம் நின்றது. ஆண்களும் பெண்களும் சாரோங்கை இடுப்பில் கட்டாமல் தோளைச் சுற்றிப் போர்த்தி முடிச்சுப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தெருமுனையில் சின்னக் கோயில், கல்லில் செதுக்கின படி, புதுப்பூ வைத்திருந்தார்கள். தூரத்தில், கறுத்த மணல் வெளிக்கு நடுவே, புரோமோ எரிமலை வெள்ளையாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஊர் அசிங்கமாக இருந்திருந்தால், குப்பையும் சாக்கடையுமாக இருந்திருந்தால், வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும். இவ்வளவு அழகான ஊரை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இங்கே எந்தக் குறையைச் சொல்லி என் மகளை மறிப்பேன்?

பிமோவின் அப்பா கர்த்தோவும் அம்மா வாகினியும் வாசலில் காத்திருந்தார்கள். வாகினிக்கு என் வயதுதான் இருக்கும். நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்ததும் தன் தோளிலிருந்த சாரோங்கை அவிழ்த்து எனக்குப் போர்த்தி, கழுத்துக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிட்டாள். பெயர் கேட்பதற்கு முன்னால் இதைச் செய்தாள். பிறகுதான் சிரித்தாள்.

பிமோ எங்களை அவர்களிடம் விட்டுவிட்டு, பேச்சுக்குப் பெரியவராக உட்காரவேண்டிய கோயில் பூசாரியை அழைத்துவர மேல்தெருவுக்குப் போனான். அங்கேதான் எல்லாம் கோணலாகப் போனது.

வீட்டில் ஹால் இருந்தது. ஹாலில் பூப்போட்ட சோபா இருந்தது. அதைத் தாண்டி எங்களை நேராக அடுப்பங்கரைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். மண் அடுப்பு, விறகு எரிந்துகொண்டிருந்தது, சுற்றிலும் குட்டி முக்காலிகள். வாகினி ஒரு முக்காலியைத் ஒரு துணியால் துடைத்து எனக்குப் போட்டாள்.

அண்ணன் முகம் சிவந்தது. "பாத்தியா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். "ஹால்ல சோபா சும்மா கெடக்கு. தாய்மாமன அடுப்பாங்கரையில உக்கார வெக்கிறானுங்க. நம்மள என்ன வேலைக்காரன்னு நெனச்சானுங்களா?"

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. நம் வீட்டில் வெளியாள் அடுப்படிக்குள் கால் வைப்பாரா? ஆனாலும் அந்த அடுப்படியைப் பார்த்துவிட்டு என்னால் கோபப்பட முடியவில்லை. சட்டியெல்லாம் முகம் பார்க்கலாம் போலத் தேய்த்து வரிசையாக மாட்டியிருந்தார்கள். அடுப்புக்கு மேலே விட்டத்தில் வெள்ளைச் சோளக் கதிர்கள் கட்டுக்கட்டாகப் புகையில் காய்ந்துகொண்டிருந்தன. தரையில் ஒரு துளி சாம்பல் இல்லை. வெளியே எரிமலை, உள்ளே நாள் முழுக்க எரிகிற விறகு, இவள் எப்படி இதை இப்படி வைத்திருக்கிறாள் என்று அதிசயமாக இருந்தது.

வாகினி தட்டை வைத்தாள். ஆவி பறக்கிற வெள்ளைச் சோளச்சோறு, கீரை, வறுத்த கருவாடு, இடித்த பச்சைமிளகாய் சம்பல், தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, டீ. "சாப்பிடுங்க," என்றாள்.

"நாங்க சாப்பிட்டாச்சு, நன்றி," என்றார் அண்ணன், மலாயில், மரியாதையாகத்தான்.

"கொஞ்சம்," என்றாள் வாகினி.

"வேணாம். வயிறு நெறஞ்சிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நானும் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். டீயையாவது குடியுங்கள் என்பதுபோலக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். நான் கோப்பையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே வைத்தேன். எங்கள் பக்கத்தில் அது மரியாதை. கர்த்தோ நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வாகினி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார் கர்த்தோ. நான் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிமோ பூசாரியோடு வந்தபோது அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அவன் அடுப்பைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், முகம் வெளிறிப் போனது. பூசாரி உட்கார்ந்து, எங்கள் பயணம் எப்படி, மலேசியாவில் மழையா என்று விசாரித்தார். அண்ணன் தொண்டையைச் செருமி, "நாங்க வந்த விஷயம்," என்று ஆரம்பித்தார்.

கர்த்தோ கையை மெல்ல உயர்த்தினார். "இவ்வளவு தூரம் ஏறி வந்ததே எங்களுக்குப் பெருமை. உங்க மனசு தெரிஞ்சுபோச்சு. பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்க மேல ஒரு குறையும் இல்ல." சொல்லிவிட்டு எழுந்து நின்று எங்கள் இருவருக்கும் கைகூப்பினார்.

நாங்கள் எழுந்தோம். வேறு என்ன செய்வது? ஜீப்பில் ஏறிய பிறகு அண்ணன், "என்னத்த தெரிஞ்சுபோச்சு அவனுக்கு? நான் இன்னும் வாயே தொறக்கல," என்றார்.

ஊர் எல்லையைத் தாண்டிய வளைவில் பிமோ வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே பேசினான். "ஆன்டி, ஒரு உருளைக்கிழங்காவது எடுத்திருக்கலாமே."

எனக்குப் புரியவில்லை. அவன் தன் ஊர் வழக்கத்தைச் சொன்னான். எங்கள் ஊரில் வேண்டிய விருந்தாளியை ஹாலில் உட்காரவைக்க மாட்டோம், சோபா எல்லாம் வரி வசூலிக்க வருகிறவனுக்கு. நெஞ்சுக்கு நெருக்கமானவர்களைத்தான் அடுப்பைச் சுற்றி உட்காரவைப்போம். அங்கே வைக்கிற சாப்பாடுதான் கேள்வி. சாப்பிட்டால் சரி. சாப்பிடாவிட்டால் இல்லை. வாயால் கேட்டு வாயால் மறுத்தால் இரண்டு பக்கமும் மனசு நோகுமே, அதனால் அப்படி. மறுத்த பிறகு அந்த வீட்டுக்காரர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள். அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

"அம்மா விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைச்சாங்க," என்றான். இறங்கிப் போய்ச் சாலையோரக் கல்லில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

அண்ணன் என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நல்லதாப் போச்சு, ரோகிணி. நாம வேணாம்னு சொல்லவே இல்ல. அவங்களா முடிச்சிக்கிட்டாங்க. புள்ள நம்மள ஒண்ணும் சொல்ல முடியாது. பேசாம கெளம்பு."

அவர் சொன்னது சரிதான். அந்த வளைவில் போனுக்குச் சிக்னல் வந்தது. மகளுடைய செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. என்னாச்சும்மா, வீடு எப்படி, மாமா கத்தினாரா, அவங்கம்மா நல்லா பேசினாங்களா, ஏம்மா பதில் போட மாட்டேங்குற. நான் விரலால் தட்டினேன். "அவங்களுக்கு இஷ்டம் இல்ல போல கண்ணு. நீ வருத்தப்படாத. நான் வந்து சொல்றேன்."

அனுப்புகிற பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. அது பொய்கூட இல்லை. அனுப்பினால் போதும், என் மகள் எனக்கே. கொஞ்ச நாள் அழுவாள், பிறகு தேறிவிடுவாள், காலையில் இரண்டு பேரும் சேர்ந்து ரயிலுக்கு ஓடுவோம். என் மனசு அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

தலையைத் தூக்கினேன். எதிர்ச் சரிவில், மஞ்சள் கொடிக்குக் கீழே, ஒரு சின்ன உருவம் கூடையோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வாகினிதான். தோளில் சாரோங் இல்லை. அது என் தோளில் இருந்தது. மகனுடைய கல்யாணம் முறிந்த கையோடு, யாரையும் வையாமல், வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காமல், அந்தக் குளிரில் வெறும் தோளோடு களை எடுக்கப் போகிறாள். கோபப்படவே தெரியாதா இந்த மனுஷிக்கு? என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகக் கிள்ளானுக்குப் போயிருப்பேன்.

விஷ்ணுப்ரியாவுக்கு ஒருநாளும் தெரியவராது. ஆனால் எனக்குத் தெரியுமே. தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் எப்படிச் சோறு தின்பேன்? தட்டியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

"அண்ணே, இந்தச் சாரோங்கக் குடுத்துட்டு வரேன்."

"அந்தப் பையன்கிட்ட குடுத்து அனுப்பு, லா."

"நானே போறேன்," என்று இறங்கிவிட்டேன். அவர் பின்னால் கத்தியது காற்றில் போய்விட்டது.

அந்தச் சரிவில் நான் ஏறிய அழகை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை. கறுத்த மண், மெத்தென்று, கால் வைத்தால் புதைகிறது. எரிமலைச் சாம்பல் விழுந்து விழுந்து ஊறின மண்ணாம், அதுதான் எதைப் போட்டாலும் விளைகிறது. இரண்டு கையாலும் வெங்காயத்தாளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். வாகினி பார்த்துவிட்டாள். அந்தச் செங்குத்தில் அவள் எங்கள் வீட்டு வாசல் நடைபாதையைத் தாண்டுகிறவள் மாதிரி சாதாரணமாக ஓடி வந்து, என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

மூச்சு வாங்கியது. பேச வந்ததையெல்லாம் மறந்துவிட்டேன். "அக்கா," என்றேன் மலாயில். "எனக்குப் பசிக்குது."

அவள் என் மேல் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "அந்தச் சாப்பாடு இப்ப வீட்ல இல்ல. திரும்பி வந்த சாப்பாட்ட வீட்ல வெச்சிக்க மாட்டோம். பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாச்சு. அடுப்பும் அணைஞ்சுபோச்சு."

"நான் காத்திருக்கேன்."

"உங்க விமானம்?"

"போனாப் போகட்டும்."

அந்த மண்ணிலேயே உட்கார்ந்து எங்கள் முறையைச் சொன்னேன். முதலில் பேச்சு, பிறகுதான் சாப்பாடு. சாப்பிட்டால் பெண் கொடுத்த மாதிரி, அதனால்தான் தொடவில்லை, உன் சமையலைப் பழித்து இல்லை என்றேன். வாகினி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இங்கயும் அதேதானே," என்றாள். "நாங்க சோத்துலயே கேக்கறோம். நீங்க சோத்துல பதில் சொல்றீங்க." எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு கிழவிகள் மலைச்சரிவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம், எதிரே புரோமோ புகைந்தது.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப நல்லா யோசிச்சிட்டுச் சாப்பிடு," என்றாள், என்னை ஒருமைக்குக் கொண்டுவந்து. "என் மூத்த பொண்ணு கலிமந்தான்ல இருக்கா. கப்பல் ஏறிப் போகணும். அவளக் கேக்க வந்தவங்க வீட்டு அடுப்புப் பக்கத்துல உக்காந்து நானும் சாப்பிட்டேன். அன்னிக்கு அந்தச் சோறு எறங்கவே இல்ல. உனக்கு வேணாம்னா இப்பவே எறங்கிப் போ. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

இவ்வளவு நாளும் நான் யாரிடமும் சொல்லாததை இவளிடம் சொல்லாமலே இவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் சாரோங்கை அவிழ்த்து அவள் தோளில் போட்டேன். முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை, அவளே போட்டுக்கொண்டாள். "வா, அடுப்பப் பத்த வைப்போம்," என்றேன்.

நனைந்த விறகைத் தள்ளிவிட்டுப் புது விறகு வைத்தாள். நான் ஊதினேன். அவள் சோளமாவை ஆவியில் வைத்தாள், நான் மிளகாயை இடித்தேன். எங்கள் வீட்டில் சம்பல் இடிப்பதுபோல் கொஞ்சம் பெலாச்சான், இறால் விழுது, போடட்டுமா என்று கேட்டேன், அவளிடமும் இருந்தது, போட்டோம். கர்த்தோ வாசலில் வந்து நின்று பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மேல்தெருவுக்குப் பூசாரியைக் கூப்பிட ஓடினார். அந்தப் பெரிய மனுஷர் ஓடியதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

தட்டு வந்தது. வாகினி "சாப்பிடுங்க" என்று திரும்ப முறைப்படி சொன்னாள். நான் கையைக் கழுவிக்கொண்டு சோளச்சோற்றில் கை வைத்தேன். சூடு. லேசான புகை வாசனை, நல்ல மணம். வாயில் போட்டேன். அவள் சொன்னது உண்மைதான், உடனே இறங்கவில்லை. மென்று மென்று, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். என் பிள்ளையைக் கொடுத்துவிட்டேன் என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டது.

அப்போது அண்ணன் வந்தார். பிமோ பின்னால் நின்றான், வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல். அண்ணனுக்குக் குளிரில் பல் கிட்டியிருந்தது, மூக்கு நுனி சிவந்திருந்தது. என் கையைப் பார்த்தார்.

"முறைய உடைச்சிட்டியா?"

"இல்லண்ணே. பேசி முடிச்சிட்டுத்தான் கை நனைச்சேன். வயல்ல வெச்சுப் பேசி முடிச்சாச்சு."

"தாய்மாமன் இல்லாமயா?"

அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. பூசாரியோடு திரும்பி வந்த கர்த்தோ, நெருப்புக்கு மிக அருகில் இருந்த தன்னுடைய முக்காலியை எடுத்து அண்ணன் முன்னால் வைத்து, இரண்டு கையாலும் காட்டினார். அந்த வீட்டில் அவர் இடம் அது. அண்ணன் அதைப் பார்த்தார். கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழித்தார். பிறகு உட்கார்ந்து, கையை நெருப்புக்கு நீட்டி, "அந்தக் கருவாட்ட இப்பிடித் தள்ளு, லா," என்றார் தமிழில். வாகினிக்குப் புரிந்துவிட்டது.

பிமோ அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். அவனுடைய உள்ளூர் போனுக்கு அங்கேயும் சிக்னல் உண்டு போல, பாக்கெட்டில் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"பிமோ, அம்மா ஏன் பதிலே போடல? என்ன ஆச்சு?" என் மகள் குரல் நடுங்கியது.

"நான்தான்மா பேசறேன்," என்றேன். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் முறையில் வளர்ந்தவள் அல்லவா. "எங்கேம்மா?" என்றாள், ரொம்பச் சின்னக் குரலில்.

"பிமோ வீட்ல. அவங்கம்மா சமைச்சது. மாமாவும் சாப்பிடறாரு, ரெண்டாந்தரம் வாங்கிட்டாரு."

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. எச்சில் கையோடு கண்ணைத் துடைக்கப் போய் மிளகாய் பட்டு இன்னும் எரிந்தது. வாகினி எழுந்து வந்து என் முகத்தைத் தன் சாரோங் நுனியால் துடைத்தாள். பிறகு போனை என்னிடமிருந்து வாங்கிக் காதில் வைத்தாள். நான் இதுவரை கேட்காத மெல்லிய குரலில், நிதானமாக, என் மகளுக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக அவளிடம் பேசினாள்.

"மகளே, உங்கம்மா சாப்பிட்டாச்சு. நீ எப்ப சாப்பிட வர்ற?"